ஆயா தூங்குவதற்காக வாங்கிய கேபினட்

எங்கள் வீடு பொதட்டூர்பேட்டையில் இருக்கிறது. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்தான். வாசல் பக்கம் நான்கு விசைத்தறி, பின்பக்கம் நாங்கள் குடியிருக்கும் இரண்டு அறைகள். பகலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கூடக் காதில் விழாது. ராத்திரி ஒன்பது மணிக்கு அப்பா மெயின் சுவிட்சை இறக்குவார். அடுத்த கால் மணி நேரத்தில் தெருவில் ஒவ்வொரு வீடாகத் தறி நின்றுவிடும். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் இருக்கிறவர்களுக்கு அதன் பிறகு வரும் அமைதி எவ்வளவு பெரியது என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவதும் அப்போதுதான். கல்யாண வீடியோ எடிட்டிங் கொஞ்சம், கேம் கொஞ்சம். அதே அறையில்தான் ஆயாவின் கட்டில். எழுபத்தெட்டு வயது, லேசான தூக்கம். அதனால் பி.சி. சேர்க்கும்போது எனக்கு முதல் கட்டளையே சத்தம் வரக்கூடாது என்பதுதான்.

ரைசன் 5 5600 பிராசஸர், ஆர்.டி.எக்ஸ். 3060 டி.ஐ. கிராஃபிக்ஸ் கார்டு என்று மற்றதெல்லாம் யோசித்து முடிவு செய்தேன். இதையெல்லாம் உள்ளே வைக்கிற பெட்டியான கேபினட்டை மட்டும் ‘சைலண்ட்’ என்ற பெயரைப் பார்த்து வாங்கினேன். சென்னையில் ஒரு கடையில் 9,800 ரூபாய். முன்பக்கம் முழுக்க மூடிய கதவு, உள்ளே தடிமனான ஃபோம், பக்கவாட்டுத் தகட்டிலும் ஃபோம். கடைக்காரர் தகட்டைத் தட்டிக் காட்டினார், ‘டொக்’ என்று அடங்கிய சத்தம் வந்தது. ஏ.சி. போட்ட கடையில் ஓட விட்டுக் காட்டினார், ஓடுகிறதா என்றே தெரியவில்லை. அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு திருத்தணி ரயிலில் திரும்பி வந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அது ஜனவரி. ராத்திரியில் அறை 24 டிகிரிதான் இருக்கும். கார்டு 72-ஐத் தாண்டவில்லை, ஆயாவும் நன்றாகத் தூங்கினார். மார்ச் கடைசியில் லேசாக இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. ஏப்ரல் பிற்பகுதியில் நிலைமை கைமீறிப் போனது. திருத்தணிப் பக்கத்து வெயிலைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை, கத்திரிக்கு முன்னாலேயே 40 டிகிரி தாண்டிவிடும். எங்கள் அறைக்கு மேலே சிமெண்ட் ஷீட். ராத்திரி பத்து மணிக்கும் உள்ளே 36 டிகிரி இருக்கும். கேம் தொடங்கிப் பத்தே நிமிடத்தில் கார்டு 86 டிகிரிக்குப் போகும், ஃபேன்கள் எல்லாம் உச்ச வேகத்தில் அலறும், படம் திக்கித் திக்கி ஓடும். ‘சைலண்ட்’ என்று பெயர் போட்ட பெட்டிக்குள்ளிருந்துதான் அத்தனை சத்தமும்.

ஒரு நாள் ராத்திரி ஆயா எழுந்து உட்கார்ந்து, “ஏம்ப்பா, தறியை நிறுத்தியாச்சுன்னு பார்த்தா நீ உள்ளே ஒண்ணு ஓட்டுறியே” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த நாளே பாயைச் சுருட்டிக்கொண்டு நடையில் படுக்கப் போய்விட்டார். அங்கே கொசு. கொசுவத்தி வைத்தால் அவருக்கு இருமல். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டால், “உனக்கு வேலை இருக்கும், நீ பாரு” என்பார். எடிட்டிங் வேலை முடியாமல் கையில் கிடந்த நேரம் அது, நிறுத்தவும் முடியவில்லை. அந்த மூன்று வாரம் எனக்கு இருந்த குற்ற உணர்ச்சியில்தான் அடுத்தடுத்து அவசரமாகப் பணத்தைத் தொலைத்தேன். யாராவது ஒருவர் முதலிலேயே எனக்குச் சொல்லியிருந்தால் என்று அன்று நினைத்ததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதல் தவறு, காற்று போதவில்லை என்றதும் ஃபேன் வாங்கியது. கலர் விளக்கு எரியும் ஆறு ஃபேன்கள், ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி, ரிமோட், மொத்தம் 2,600 ரூபாய். மாட்டிய பிறகுதான் தெரிந்தது, அவை மதர்போர்டில் சொருகுகிற ஃபேன்களே அல்ல, பவர் சப்ளையிலிருந்து நேரடியாக 12 வோல்ட் எடுப்பவை. அதாவது கணினி சும்மா இருந்தாலும் கேம் ஓடினாலும் ஒரே வேகம், முழு வேகம். ரிமோட்டில் விளக்கின் நிறத்தை மாற்றலாம், வேகத்தை மாற்ற முடியாது. சூடு இரண்டு டிகிரி குறைந்தது, சத்தம் பகலிலும் கேட்கிற அளவு ஆனது. ஃபேன் வாங்கும்போது மதர்போர்டு வேகத்தை மாற்றக்கூடிய, நான்கு பின் உள்ள பி.டபிள்யூ.எம். வகையா என்று வயரின் நுனியைப் பாருங்கள். மூன்று பின் என்றாலும் மதர்போர்டு வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும், பரவாயில்லை. பவர் சப்ளையில் மாட்டும் பெரிய வெள்ளை மோலெக்ஸ் முனை மட்டும் இருந்தால் கையில் கூட எடுக்காதீர்கள்.

இரண்டாவது, அதே கடையில் போன் பண்ணிக் கேட்டேன். “லிக்விட் கூலர் போடுங்க, எல்லாம் சரியாகிடும்” என்றார்கள். பிராசஸரின் சூட்டைக் குழாயில் ஓடும் திரவம் எடுத்துப்போய் ரேடியேட்டரில் காற்றுக்கு விடும் அமைப்பு அது, 7,400 ரூபாய். மேலே மாட்ட இடம் போதாமல் அந்த ரேடியேட்டரை முன்பக்கம், அந்த மூடிய கதவுக்குப் பின்னால் மாட்டினேன். பிராசஸர் குளிர்ந்தது. ஆனால் எனக்குப் பிரச்சினை பிராசஸரில் இல்லவே இல்லை! 65 வாட் பிராசஸர் அது. சூடெல்லாம் 200 வாட் எடுக்கும் கார்டில். ரேடியேட்டர் வழியாகச் சூடாகி வந்த காற்றுதான் இப்போது கார்டுக்குப் போனது, அதனால் கார்டு 88-க்கு ஏறியது. எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன்னால் எச்.டபிள்யூ.இன்ஃபோ மாதிரி ஒரு இலவச மென்பொருளைப் போட்டு, சூடாவது எது, எந்த ஃபேன் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்.பி.எம்.) சுற்றுகிறது என்று அரை மணி நேரம் பார்த்திருந்தால் அந்த 7,400 ரூபாய் மிஞ்சியிருக்கும். நான் பார்க்கவில்லை.

மூன்றாவதாக, திருத்தணியில் ஒருவரிடம் 700 ரூபாய் கொடுத்து, பிராசஸருக்கும் கூலருக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றினேன். ஒரு மாற்றமும் இல்லை. நான்கு மாதம் ஆன பேஸ்ட்டுக்கு என்ன ஆகியிருக்கப் போகிறது. கேபினட்டைத் திருப்பித் தரலாம் என்று சென்னைக்குப் போனேன். ஸ்க்ரூ போட்ட பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வந்ததும் மற்ற இரண்டு தடவை போய் வந்ததும் சேர்த்து ஆட்டோ, ரயில், சாப்பாடு என்று 1,350 ரூபாய்.

கடைசியில் நகரியில் ஒரு சின்ன சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பாதி தெலுங்கு, பாதி தமிழ் பேசுவார். ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கவில்லை அவர். கேம் ஓட விட்டு, கதவுக்கும் உடம்புக்கும் இடையில் இருந்த விரல் அகல இடுக்கில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “தீனிகி ஊபிரி ஆடட்லேது, தம்முடு” என்றார். இதுக்கு மூச்சு விட முடியல தம்பி என்று அர்த்தம். அப்புறம் முன்பக்கத்தை அப்படியே பிடுங்கி எடுத்தார். பின்னால் இருந்த ஃபில்டரைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. வெள்ளைப் பஞ்சு, கம்பளி மாதிரி, விரலால் உரித்தெடுக்கலாம் போல ஒரு படலம். தறியிலிருந்து பறக்கிற பஞ்சு நான்கு மாதமாக அங்கே படிந்திருக்கிறது. முன்பக்கம் இல்லாமல் பத்து நிமிடம் ஓட விட்டோம். கார்டு 88-இலிருந்து 76-க்கு இறங்கியது. ஒரு பைசா செலவில்லை.

இந்தச் சோதனையை எல்லோரும் வீட்டிலேயே செய்யலாம். பதினைந்து நிமிடம் கேம் ஓட விட்டு டிகிரியைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே கேம், அதே இடம், இன்னொரு பதினைந்து நிமிடம். ஒன்றிரண்டு டிகிரிதான் குறைந்தது என்றால் கேபினட் மேல் குற்றமில்லை, வேறு இடத்தில் தேடுங்கள். ஐந்து, ஆறு டிகிரிக்கு மேல் குறைந்தால் முன்பக்கம் காற்றை அடைக்கிறது என்று அர்த்தம். அண்ணன் இன்னொன்றும் செய்து காட்டினார். சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்தியை எடுத்து இடுக்குகளுக்குப் பக்கத்தில் பிடித்தார். எங்கே புகை உள்ளே இழுக்கப்படுகிறது, எங்கே வெளியே தள்ளப்படுகிறது என்று கண்ணாலேயே தெரிந்தது. என் பெட்டியில் பின்பக்கம் வெளியேறிய சூடான காற்றில் ஒரு பங்கு, கார்டுக்குப் பக்கத்தில் இருந்த ஓட்டைகள் வழியாகத் திரும்ப உள்ளேயே போய்க்கொண்டிருந்தது. முன்னால் வழி இல்லாததால் காற்று கிடைத்த வழியில் நுழைந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அந்தப் பஞ்சுப் படலத்தைக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “தறி மோட்டார் பின்னாடி இருக்கிற மூடியை வாரா வாரம் எதுக்குத் துடைக்கிறேன்? பஞ்சு அடைச்சா காத்து போகாது, காத்து போகலைன்னா காயில் எரிஞ்சுடும். என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே” என்றார். சின்ன வயதிலிருந்து அவர் அதைத் துடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கேட்கத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் வேறு எதுவும் வாங்காமல் படித்தேன். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். ஃபோம் சத்தம் உண்டாவதைத் தடுப்பதில்லை, வந்த சத்தத்தில் கொஞ்சத்தை உறிஞ்சுகிறது, அதிலும் கீச்சென்ற மேல் சுருதிச் சத்தத்தைத்தான் நன்றாக உறிஞ்சும். சத்தத்தை உண்டாக்குவது ஃபேனின் வேகம். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாக்கினால் ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதிச் சத்தமாகத்தான் படும். எந்த ஃபோமும் இந்த அளவுக்குக் குறைக்காது. ஆகவே எது ஃபேனை மெதுவாகச் சுற்ற விடுகிறதோ அதுதான் அமைதியான கேபினட். கேம் ஓடும்போது என் பெட்டிக்குள் கிட்டத்தட்ட 300 வாட் சூடு, நூறு வாட் குண்டு பல்பு மூன்று எரிகிற மாதிரி. அந்தச் சூட்டை வெளியேற்றும் காற்று சுலபமாக நுழைந்தால் ஃபேன் 700 சுற்றில் வேலையை முடிக்கும். கஷ்டப்பட்டு நுழைந்தால் 1,500 சுற்றிலும் முடிக்காது. மூடிய கேபினட்டுகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. 22 டிகிரி அறையில், குறைந்த வாட் கார்டோடு அவை அருமையாக இருக்கும். எங்கள் ஊர் மே மாதத்துக்கு அவை ஆகாது.

இதில் நம் ஊர்க்காரர்கள் தவறவிடும் கணக்கு ஒன்று உண்டு. வெளிநாட்டு ரிவ்யூவில் கார்டு 68 டிகிரி என்று சொன்னால், அவர்கள் அறை எத்தனை டிகிரி என்று பாருங்கள். 22 என்றால், அறையைவிட 46 டிகிரி கூடுதல் என்று அர்த்தம். என் அறை 36. அதே பொருள் எனக்கு 82 காட்டும். இந்தக் கார்டு 83-ஐ ஒட்டி வந்தாலே தன் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். அதனால் டிகிரியைப் பார்க்காமல் அறை வெப்பத்துக்கு மேல் எத்தனை என்று பார்ப்பதுதான் நமக்கு உதவும். இன்னொன்று, எல்லா ஃபேனும் முழு வேகத்தில் ஓடும்போது எடுத்த டிகிரியை வைத்து அமைதியான கேபினட்டைத் தேர்ந்தெடுக்க முடியாது. கேமர்ஸ் நெக்சஸ் யூடியூப் சேனலில் எல்லா கேபினட்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, அந்த நிலையில் டிகிரியை ஒப்பிடுவார்கள். நான் அந்த வரிசையை மட்டும் பார்த்துத்தான் இரண்டாவது தடவை முடிவெடுத்தேன்.

பார்த்துப் பார்த்து வாங்கியது முன்பக்கம் முழுக்க மெல்லிய மெஷ், அதாவது சல்லடை மாதிரி வலை, உள்ள ஒன்று, 7,600 ரூபாய். முன்னால் இரண்டு 140 மி.மீ. ஃபேன், பின்னால் ஒரு 120, எல்லாம் நான்கு பின். பெரிய ஃபேன் ஏன் என்றால் அதே அளவு காற்றை இன்னும் மெதுவாகச் சுற்றித் தள்ளும். லியான் லி லான்கூல் 216-இல் முன்னால் 160 மி.மீ. ஃபேன் இரண்டு வருகிறது, அதுவும் இதே காரணத்துக்காகத்தான். பெயரை மட்டும் கவனமாகப் படியுங்கள். கோர்சேர் 4000டி என்று ஒன்று, 4000டி ஏர்ஃப்ளோ என்று ஒன்று. உடம்பு ஒன்றுதான், முன்பக்கம் வேறு. ஒன்றில் மூடிய தகடு, மற்றதில் ஓட்டை போட்டது. கடையில் அவசரத்தில் மாறி வர வாய்ப்பு அதிகம். முன்பக்கம் கண்ணாடி என்றால் காற்று எந்த வழியாக நுழைகிறது என்று கடைக்காரரையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஃபில்டர் ஸ்க்ரூ கழற்றாமல் கையாலேயே வெளியே வருகிறதா என்று கடையிலேயே இழுத்துப் பாருங்கள், வராவிட்டால் நீங்கள் வீட்டில் சுத்தம் செய்யப் போவதில்லை. கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் மி.மீ. கணக்கில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். தகட்டை ஓரத்தில் பிடித்து லேசாக ஆட்டிப் பார்த்தால் மெலிசான தகடு தகரம் மாதிரி படபடக்கும், அது பிற்பாடு ஃபேன் அதிர்வில் ரீங்காரம் போடும்.

லிக்விட் கூலரை விற்றுவிட்டு 2,100 ரூபாய்க்கு, காற்றால் மட்டும் குளிர்விக்கும் ஒற்றை ஃபேன் டவர் கூலர் போட்டேன், இந்தப் பிராசஸருக்கு அதுவே தாராளம். மேல் மூடியில் ஃபேன் எதுவும் மாட்டவில்லை. மேலே முன்பக்கமாக மாட்டினால் உள்ளே வந்த குளிர்ந்த காற்றைக் கூலருக்குப் போகும் முன்னாலேயே வெளியே இழுத்துவிடும். உள்ளே தள்ளும் ஃபேன் வெளியே தள்ளுவதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தால், காற்று ஃபில்டர் வழியாக மட்டும் நுழையும், இடுக்குகள் வழியாகத் தூசி இழுக்கப்படாது. தூசி ஊருக்கு இது ரொம்ப முக்கியம். பெட்டியைத் தரையிலிருந்து தூக்கி ஒரு முழ உயர மணைப்பலகை மேல் வைத்தேன், பவர் சப்ளை கீழிருந்துதான் காற்றை இழுக்கிறது, தரையில்தான் பஞ்சு உருளுகிறது.

ஆனால் சத்தத்தை உண்மையில் அடக்கியது அதற்குப் பிறகு செய்த இரண்டு மாற்றங்கள். மதர்போர்டின் உள் அமைப்பான பயாஸில், நாம் மாற்றாதவரை, ஃபேன்கள் பிராசஸரின் டிகிரியைப் பின்பற்றும். பிராசஸரோ ஒரு பிரவுசர் திறந்தாலே நொடியில் பத்து டிகிரி ஏறி இறங்கும். ஃபேனும் கூடவே உறுமி அடங்கும். ஒரே சீரான சத்தத்தில் ஆயா தூங்கிவிடுவார், ஏறி இறங்கும் சத்தம்தான் எழுப்பிவிடும். ஃபேன் கண்ட்ரோல் என்ற இலவச மென்பொருளில், முன் ஃபேன்கள் கார்டின் டிகிரியைப் பின்பற்றும்படி மாற்றினேன். 55 டிகிரி வரை 600 சுற்று, 78-இல் 900, அதற்கு மேல்தான் வேகம், மாற்றம் வருவதற்குச் சில நொடி தாமதம். அப்புறம் ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கார்டின் மின் அளவை 80 சதவீதத்துக்குக் குறைத்தேன், 200 வாட் 160 ஆனது. நான் விளையாடும் கேம்களில் நூறு ஃபிரேமுக்கு ஐந்தாறு ஃபிரேம்தான் போனது, கண்ணுக்குத் தெரியவே இல்லை. இது முதல் நாளே பைசா செலவில்லாமல் செய்திருக்கக்கூடியது என்று நினைக்கும்போது இன்றைக்கும் வயிறு எரிகிறது. அறை 36 டிகிரியில் கார்டு இப்போது 74.

பஞ்சுக்கு அப்பா ஒரு யோசனை சொன்னார், பழைய வேட்டித் துணியை மெஷ் மேல் கட்டலாம் என்று. கட்டிப் பார்த்தோம், ஐந்து டிகிரி ஏறியது, அவிழ்த்துவிட்டோம். வேறு வழியில்லை, சுத்தம் செய்துதான் ஆகவேண்டும். மெஷை வாரம் ஒருமுறை கழற்றிப் பிரஷ்ஷால் துடைக்கிறேன், மாதம் ஒருமுறை தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்து மாட்டுகிறேன். உள்ளே புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், விட்டால் காற்றில் தாறுமாறாகச் சுற்றி பேரிங் போய்விடும்.

பழைய கேபினட்டை 3,500-க்கும் லிக்விட் கூலரை 4,500-க்கும் விற்றேன். கலர் ஃபேன்களை வாங்க ஆளில்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்குச் சும்மா கொடுத்தேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் தொலைந்தது 13,850 ரூபாய், நல்ல கேபினட் ஒன்றின் விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது எனக்கு ஒன்றரைக் கல்யாண எடிட்டிங் கூலி.

ஜூன் முதல் வாரம் ஆயாவின் பாயை நானே எடுத்துவந்து கட்டிலில் விரித்தேன். பதினொரு மணி வரை கேம் ஓட விட்டேன். நடுவில் ஒருமுறை அவர் கண்ணைத் திறந்து, “என்னப்பா, பொட்டி ரிப்பேராயிடுச்சா, சத்தத்தையே காணோம்” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா தறி மோட்டார் மூடிகளைக் கழற்றும்போது நானும் மெஷைக் கழற்றி வாசலுக்கு எடுத்துப் போகிறேன். பிரஷ் ஒன்றுதான், அவர் முடித்ததும் வாங்கிக்கொள்வேன்.